மழைமானி சொல்வது மெய்யா? கரிசல் நிலத்தில் உணரி வலையமைப்புகளின் பாதுகாப்பு

கேள்வி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை நீளும் நிலம் பெரும்பாலும் மானாவாரி. கரிசல் மண், ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய் பெருகினால் அதன் ஆயக்கட்டில் நெல். மற்ற இடங்களில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி, மல்லி. மழை வந்துவிடும் என்று நம்பிப் புரட்டாசியில் புழுதியில் விதைக்கும் வேளாண்மை இது.

இந்த மழையை இன்று கருவிகள் அளக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் 385 ஊராட்சி ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஒன்றாகத் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களும் அந்தக் கணக்கில் அடக்கம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்கள் தனி. மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 வானிலை நிலையங்களையும் புதிதாக நிறுவும் திட்டத்தை அறிவித்துச் செயல்படுத்தியது. இவை அளக்கும் எண்கள் செல்பேசி வலையமைப்பு வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ தொலைவில் உள்ள கணினிக்குப் போய்ச் சேர்கின்றன.

கணினிப் பாதுகாப்பு ஆய்வின் மொழியில் இது ஒரு கம்பியில்லா, பரவல் வலையமைப்பு. ஒவ்வொரு மழைமானியும் ஒரு கணு. திருச்சுழியில் நேற்று 12 மில்லிமீட்டர் பெய்தது என்று ஒரு கணு சொன்னால் அந்த எண் மெய் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாற்பது ஆண்டுகளாக வளர்ந்திருக்கும் பாதுகாப்பு ஆய்வு இதற்கு விடைகள் வைத்திருக்கிறது. அவை கரிசல் நிலத்தில் நிற்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்த ஆய்வு எண் பயணிக்கும் வழியைக் காத்தது, எண் பிறக்கும் இடத்தைக் காக்கவில்லை என்பது என் முடிவு. அது நம்பும் இரண்டாவது அரணான அண்டைக் கணுக்களின் சாட்சியம், இந்த ஊர் மழையின் இயல்போடு மோதி உண்மையையே பொய்யென்று தள்ளிவிடக்கூடும்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பணம்

மழையளவு முன்பு நிர்வாகத் தகவல். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், நாளிதழில் வரும். அதில் பொய் சொல்ல யாருக்கும் பெரிய காரணம் இல்லை. பயிர்க் காப்பீடு அந்த நிலையை மாற்றியது. மழைக் குறியீட்டை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு இந்தியாவில் 2003இல் அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில், நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்டவர்களுக்காகத் தொடங்கியது. 2007இல் வானிலை அடிப்படையிலான காப்பீடு அரசுத் திட்டமாயிற்று. 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது அதுவும் திருத்தி அமைக்கப்பட்டு, பெரும்பாலும் தோட்டக்கலைப் பயிர்களுக்குத் தொடர்கிறது.

பிரதமரின் திட்டம் அடிப்படையில் விளைச்சலைப் பார்ப்பது. பயிர் அறுவடைப் பரிசோதனைதான் அதன் அளவுகோல். ஆனால் மழை பொய்த்து ஒரு காப்பீட்டு அலகில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு தர வேண்டும். அந்த நிலையை அறிவிக்க உதவும் சான்றுகளில் மழையளவும் ஒன்று. வேளாண் அமைச்சகம் 2023 ஜூலையில் தொடங்கிய ‘விண்ட்ஸ்’ என்ற வானிலைத் தரவு ஏற்பாடு, ஒன்றிய அளவில் வானிலை நிலையமும் ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானியும் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருக்கிறது. காப்பீட்டின் எடை மெல்ல மெல்லக் கருவியின் பக்கம் சாய்கிறது. ரபி பருவத்தில் காப்பீட்டுத் தொகைக்கு 1.5 விழுக்காடு கட்டும் சிறு விவசாயிக்கு, ஒரு புனலுக்குள் எத்தனை சொட்டு விழுந்தது என்பது அந்த வருடக் கடனை அடைப்பதா, நகையை மீட்பதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது.

பணம் வந்தால் எதிராளியும் வருவார். மழை குறைவாகப் பதிவானால் நலம் பெறுவோர் உண்டு. கூடுதலாகப் பதிவானால் நலம் பெறுவோரும் உண்டு. ஆய்வுகள் பெரும்பாலும் மறந்துவிடும் மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு: கருவியைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்தவர். விடுபட்ட மணிநேரங்கள் கணக்கில் தெரியாமல் இருப்பதே அவருக்கு நலம். எந்த நிறுவனத்தையும் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. யாருக்கு எதில் நலம் என்று பட்டியல் போடாமல் எந்தப் பாதுகாப்பு மாதிரியும் முழுமையாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வுலகம் எதைக் காத்தது

1983இல் டேனி டோலெவ், ஆண்ட்ரூ யாவ் இருவரும் எதிராளிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். செய்திப் பாதை முழுவதும் அவன் கையில். ஒட்டுக் கேட்பான், மாற்றுவான், பழைய செய்தியை மறுபடி அனுப்புவான். ஆனால் சாவி இல்லாமல் குறியாக்கத்தை உடைக்க மாட்டான். பின்வந்த நெறிமுறைகளில் பெரும்பாலானவை இந்த எதிராளியை நினைத்தே எழுதப்பட்டவை. சின்னஞ்சிறு உணரிகளில் குறியாக்கம் சாத்தியமா என்ற ஐயத்தை 2001இல் ஏட்ரியன் பெரிக் குழுவினரின் ‘ஸ்பின்ஸ்’ போக்கியது. கிறிஸ் கார்லாஃப், டேவிட் வாக்னர் 2003இல் வெளியிட்ட கட்டுரை, உணரி வலையமைப்புகளின் வழிகாட்டல் நெறிமுறைகளைத் தாக்கும் முறைகளை வகைப்படுத்தியது: செய்திகளைத் தன் பக்கம் இழுத்து விழுங்கும் கணு, தொலைவான இரண்டு இடங்களைக் கள்ளப் பாதையால் இணைக்கும் புழுத்துளை, பல பெயர்களில் நடமாடும் போலிக் கணு. அந்தக் கடைசி வகைக்கு ‘சிபில் தாக்குதல்’ என்று பெயரிட்டு 2002இல் எழுதியவர் ஜான் டௌசர்.

இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2001இல் ‘வெப்’ என்ற வைஃபை குறியாக்கமும் 2017இல் அதன் வாரிசும் உடைக்கப்பட்ட வரலாறு, காற்றில் போகும் செய்தி எவ்வளவு எளிதில் களவு போகும் என்பதற்குச் சாட்சி. இன்று லோராவான் போன்ற நெடுந்தூர, குறைமின் வானொலி நெறிமுறைகளில் 128 பிட் குறியாக்கம் உள்ளேயே வந்துவிட்டது. சாவியை ஒழுங்காகக் காத்தால், திருச்சுழியிலிருந்து கோயம்புத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் எண்ணை நடுவழியில் மாற்றுவது மிகக் கடினம்.

வழியில் திருட்டில்லை என்றான பிறகு, கணுவே பொய் சொன்னால்? இங்கேதான் பரவல் கணிமை ஆய்வு வருகிறது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982இல் எழுதிய பைசாண்டியத் தளபதிகள் கட்டுரை, வாய்மொழிச் செய்தி மட்டும் உள்ள இடத்தில் ஒரு துரோகியைத் தாங்க நான்கு பேரும் இரண்டு துரோகிகளைத் தாங்க ஏழு பேரும் வேண்டும் என்று நிறுவியது. பொய்யர்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டாதவரை மெய்யர்கள் ஒருமித்த முடிவுக்கு வரலாம். 2004இல் வாக்னர் இதே சிந்தனையை உணரிகளின் கூட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தார். சராசரியை ஒரே ஒரு பொய்க் கணு எங்கு வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும். இடைநிலை அளவை இழுக்கப் பாதிக் கணுக்களையாவது பிடிக்க வேண்டும் என்பது அவர் காட்டிய பாடம்.

புனலும் கவிழ்கிண்ணமும்

தானியங்கி மழைமானியைத் திறந்து பார்த்தால் வலையமைப்புப் பாதுகாப்பு பற்றிய நினைப்பு மாறிவிடும். மேலே ஒரு புனல். அதன் அடியில், நடுவில் அச்சு வைத்து ஏற்றப்பட்ட இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கக் கிண்ணத்தில் குறித்த அளவு நீர் சேர்ந்ததும் அது கவிழும். மறுபக்கம் மேலே வந்து அடுத்த நீரை ஏந்தும். கிண்ணத்தோடு ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு கவிழ்வின்போதும் ஒரு சுவிட்சைக் கடக்கும். ஒரு மின்துடிப்பு பிறக்கும். துடிப்பு ஒன்றுக்கு 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழை. இவ்வளவுதான். அதன் பிறகு வருவதெல்லாம் துடிப்பை எண்ணுவது, குறியாக்கம் செய்வது, அனுப்புவது.

ஆடிக்காற்றில் கரிசல் புழுதி புனலில் படியும். சிலந்தி வலை கட்டும். காய்ந்த இலையும் பறவை எச்சமும் துளையை அடைக்கும். அடைபட்ட புனலுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தாலும் கிண்ணம் அசையாது. கணு நேர்மையாக, முழுக் குறியாக்கத்தோடு, சரியான சாவியோடு, ‘0’ என்று அனுப்பும். அந்தச் செய்தியில் கணிதப்படி எந்தக் குறையும் இல்லை.

இதை வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ, கன்சாஸ் மாநிலங்களின் வறண்ட புல்வெளிப் பகுதியில் மேய்ச்சல் நிலத்துக்கு மழைக் குறியீட்டுக் காப்பீடு உண்டு. 2016, 2017 காலத்தில் அங்கே அரசு மழைமானிகளின் புனல்களில் சிலிக்கோனை ஊற்றி அடைத்தார்கள், கம்பிகளை வெட்டினார்கள், கவிழ்கிண்ணத்தைக் கழற்றினார்கள், வாயைக் கேக் தட்டாலும் கலப்பைத் தட்டாலும் மூடினார்கள் என்று அந்நாட்டு நீதித் துறை வழக்குத் தொடர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட இரண்டு பண்ணையாளர்கள் 60 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. அவர்களுக்கு எந்தக் குறியாக்கத்தையும் உடைக்க வேண்டிய தேவை எழவில்லை. டோலெவ்–யாவ் எதிராளி செய்தியைத் தாக்குபவன். இவர்கள் செய்திக்கு முந்தைய மழையைத் தாக்கினார்கள்.

அண்டைக் கணுவின் சாட்சியம்

இதற்கு ஆய்வுலகம் தரும் பதில் தயாராக இருக்கிறது. ஒரு கணு ‘0’ என்றும் சுற்றியுள்ளவை ‘40’ என்றும் சொன்னால் தனித்து நிற்பதைச் சந்தேகி. விலகல் கண்டறிதல் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இதைச் செம்மைப்படுத்தியிருக்கின்றன. அவை அனைத்தின் அடியிலும் ஓர் அனுமானம் இருக்கிறது: அருகருகே உள்ள கணுக்கள் ஏறத்தாழ ஒன்றையே காண்கின்றன. வெப்பநிலைக்கு இது பொருந்தும். காற்றழுத்தத்துக்கும் பொருந்தும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி மூன்று நாள் விடாமல் பெய்யும் மழைக்கும் ஓரளவு பொருந்தும்.

கரிசலின் கோடை மழைக்கும் புரட்டாசி இடிமழைக்கும் பொருந்தாது. வெப்பச்சலன மேகம் சில கிலோமீட்டர் அகலத்தில் கொட்டிவிட்டுக் கலையும். அருப்புக்கோட்டை சாலையில் தண்ணீர் ஓடும்போது பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். விருதுநகர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர், ஒன்றியங்கள் 11. ஒன்றியத்துக்கு ஒரு நிலையம் என்றால் சராசரியாக 380 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இந்த மழைக்குச் செல்லாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பிர்க்காவில் ஐந்து மழைமானிகள். ஒரு நாள் இரவு அவை 38, 41, 35, 44, 0 என்று காட்டுகின்றன. சராசரி 31.6, இடைநிலை அளவு 38. ஐந்தாவது மழைமானியின் வாய் மூடப்பட்டிருந்தால் வாக்னர் சொன்னது முற்றிலும் சரி. 38 என்ற எண் பொய்யைத் தாங்கி நின்றுவிட்டது. ஆனால் அந்த ஐந்தாவது ஊரில் உண்மையாகவே ஒரு சொட்டும் விழவில்லை என்று வையுங்கள். அதே கணக்கு அந்த ஊருக்கு 38 மில்லிமீட்டர் மழையை வழங்கிவிட்டது. விதைத்த உளுந்து முளைக்காமல் போன விவசாயியிடம், உன் ஊரிலும் நல்ல மழை என்று கணினி சொல்லும். பைசாண்டியக் கணக்கில் மெய்யர்கள் அனைவரும் ஒரே செய்தியை ஏற்பதுதான் குறிக்கோள். மழையில் மெய்யர்கள் வெவ்வேறு செய்தி சொல்வதே இயல்பு. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத கணுவைத் தள்ளும் எந்த நெறிமுறையும், மழை பெய்யாத ஊரின் ஒரே சாட்சியைத் தள்ளும் அபாயத்தைச் சுமக்கிறது.

மழைமானிகளை நெருக்கமாக நட்டால் தீர்ந்துவிடும் என்பது ஒரு வாதம். பாதி உண்மை. ஊராட்சிக்கு ஒன்று வந்தால் இடைவெளி குறையும். ஆனால் துடைக்க வேண்டிய புனல்கள், மாற்ற வேண்டிய பேட்டரிகள், காக்க வேண்டிய சாவிகள் அத்தனை மடங்கு பெருகும். கவனிக்க ஆள் அதே அளவில் பெருகுவதில்லை. செயற்கைக்கோளை நம்பலாம் என்பது மற்றொரு வாதம். உலக மழைப்பொழிவு அளவீட்டுத் திட்டத்தின் தரவு 0.1 பாகைக் கட்டங்களில் வருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 11 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் நனைந்த ஊரும் காய்ந்த ஊரும் சேர்ந்தே ஓர் எண்ணாகின்றன.

பழுதா, சதியா

வலையமைப்பின் மறுமுனையில் அமர்ந்திருப்பவருக்குப் புழுதி அடைத்த புனலும் சிலிக்கோன் அடைத்த புனலும் ஒன்றே. இந்தச் சிக்கலை நம் பகுதிக்கு அருகிலேயே நேரில் கண்ட ஆய்வு ஒன்று உண்டு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தது. அக்குழு 2007இல் வெளியிட்ட கட்டுரை வேகத்தைப் பற்றியது. சோனேஷ் சுரானா முதலானோர் 2008இல் எழுதிய கட்டுரை அந்த வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பதைப் பற்றியது. எனக்கு அதுவே முக்கியமானது. தரமற்ற மின்சாரம் கருவிகளைப் பழுதாக்கியது, பழுதின் காரணத்தைத் தொலைவிலிருந்து பிரித்தறிய முடியாமல் போனது, உள்ளூர்ப் பணியாளர்களின் பயிற்சியே கடைசியில் வலையமைப்பைக் காத்தது ஆகியவற்றை அது எழுதிவைத்தது. அதில் எதிராளி என்று யாரும் கிடையாது. இருந்தும், நம் நிலத்துக்கான பாதுகாப்பு ஆய்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இயல்பான பழுது எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குச் செயற்கையான பழுதை அடையாளம் காண வழியில்லை.

தென்மாவட்டக் கல்லூரிகள் இத்துறையில் பின்தங்கியவை அல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கம்பியில்லாத் தொழில்நுட்பங்களுக்கும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் வலையமைப்புப் பொறியியலுக்கும் மத்திய அரசின் டிஃபாக் அமைப்பு ஆதரித்த சிறப்பு மையங்கள் இயங்கின. ஆய்வேடுகளும் ஏராளம். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் சதுரத்தில் நூறு கணுக்களைத் தாறுமாறாகத் தூவி, கணினிப் பாவனையில் ஒரு தாக்குதலை ஏவி, புதிய நெறிமுறை முந்தையதைவிடச் சில விழுக்காடு சிறந்தது என்று காட்டுவது ஓர் அச்சாகிவிட்டது. இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஸ்டூவர்ட் குர்கோவ்ஸ்கி குழுவினர் 2005இல், கம்பியில்லா வலையமைப்புகளுக்கான முதன்மை மாநாடு ஒன்றின் ஆறு ஆண்டுக் கட்டுரைகளை ஆராய்ந்தபோது, முக்கால்வாசி பாவனையை நம்பியிருந்தன. பிறர் மறுபடி செய்து பார்க்கக்கூடியவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு. ஊடுருவல் கண்டறிதலில் 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய போக்குவரத்துத் தரவின் மீது இருபது ஆண்டு கழிந்தும் ஆய்வேடுகள் எழுதப்பட்டன. பாவனைச் சதுரத்தில் புழுதி இல்லை. சீமைக்கருவேலங் காடு அலையை விழுங்குவதில்லை. வெயிலில் பேட்டரி சாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே யாருக்கும் எதிலும் பணம் இல்லை.

வேறு வகைச் சாட்சிகள்

அண்டை ஊர் மழைமானியைவிட அதே கம்பத்தில் உள்ள பிற உணரிகள் நல்ல சாட்சி. இடிமழை தனியாக வருவதில்லை. காற்று திரும்பி வேகமெடுக்கும், வெப்பநிலை சில நிமிடங்களில் இறங்கும், ஈரப்பதம் ஏறும். வெயில் சுடும் பிற்பகலில் இவை எதுவும் அசையாமல் கிண்ணம் மட்டும் இருபது முறை கவிழ்ந்தால் யாரோ நீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மறுதிசையில் இது அவ்வளவு எளிதல்ல. குளிர்காற்று வந்து மழை வராமல் போவதைக் கரிசல்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறார்கள். ஆகவே வெப்பநிலை இறங்கி மழை ‘0’ என்றால் அது மூடிய புனலாகவும் இருக்கலாம், பக்கத்து ஊர் மழையாகவும் இருக்கலாம். அங்கே மண்ணைத்தான் கேட்க வேண்டும். மழைக்கு மறுநாள் கொத்திப் பார்த்து ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சொல்லும் பழக்கம் இங்கே உண்டு. மண் ஈர உணரி செய்வதும் அதுவே. ஆனால் கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணுக்கும் உணரிக்கும் இடையே இடைவெளி விழும். முதல் மழை வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். இந்த மண்ணில் அந்த உணரியை எப்படிப் பதிப்பது, அதன் அளவீட்டை எந்த மாதத்தில் எவ்வளவு நம்புவது என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த, உள்ளூரிலேயே விடை தேட வேண்டிய கேள்வி. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணறிந்தவர்களும் வலையமைப்பு அறிந்தவர்களும் சேர்ந்து பேச வேறு இடம் தேட வேண்டியதில்லை.

கருவியின் மூடி திறக்கப்பட்ட நேரம், பேட்டரியின் மின்னழுத்தம், கடைசியாகப் புனலைத் துடைத்த நாள் ஆகியவை மழையளவோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். விடுபட்ட மணிநேரம் விடுபட்டதாகவே நிற்க வேண்டும். அதைச் சராசரியால் நிரப்பும் மென்பொருள், நல்ல எண்ணத்தோடு செய்தாலும், சான்றை அழிக்கிறது. ஒவ்வொரு நாள் பதிவையும் முந்தைய நாள் பதிவோடு கணித முத்திரையால் கோத்துவிட்டால் பின்னால் யாரும், அலுவலகத்தின் உள்ளே இருப்பவர்கூட, சத்தமில்லாமல் திருத்த முடியாது. இது பழைய, மலிவான நுட்பம்.

இவற்றைவிட முதலில் வேண்டியது வெளிப்படைத்தன்மை. பாதுகாப்பு என்றதும் தரவைப் பூட்டி வைப்பது என்று அலுவலகங்கள் பொருள் கொள்கின்றன. மழையளவு இரகசியம் அல்ல. அது எல்லோர் தலையிலும் பெய்தது. காலை 8.30 மணி அளவு அன்றே ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட்டால், நேற்றிரவு நனைந்தவர்களும் நனையாதவர்களும் அதைப் படிப்பார்கள். தவறு இருந்தால் மறுநாளே தெரியும். ஆறு மாதம் கழித்து இழப்பீடு மறுக்கப்படும்போது தெரிவதால் பயனில்லை. காப்பீட்டு விதிகளில் மாவட்ட அளவில் குறைதீர் குழு இருக்கிறது. அங்கே போகும் விவசாயியின் கையில் தன் ஊரின் நாள்வாரி மழைக் கணக்கும் அந்தக் கருவியின் பராமரிப்புக் குறிப்பும் இருக்க வேண்டும். கருவியைக் கேள்வி கேட்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு இருக்கும் அளவுக்கு அவருக்கும் இருக்க வேண்டும்.

கம்பியில்லா வலையமைப்புப் பாதுகாப்பில் ஆய்வு செய்யும் தென்மாவட்ட மாணவர்களிடமும் அவர்களின் நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டுக்குப் பாவனைச் சதுரத்தை விட்டுவிடுங்கள். திருச்சுழி ஒன்றியத்தில் பத்து மழைமானிகளை நட்டு, இரண்டு வடகிழக்குப் பருவங்கள் அவற்றோடு இருங்கள். எத்தனை முறை புனல் அடைத்தது, எத்தனை முறை ஊருக்கு ஊர் மழை மாறியது, உங்கள் விலகல் கண்டறியும் நிரல் எத்தனை உண்மைகளைப் பொய் என்றது என்று எழுதுங்கள். அந்தத் தரவை யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள்.